சனிக்கிழமைக் கூட்டம்: இரண்டு கோப்புள்ள பிள்ளைகள்

தன்னார்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குழந்தைகள் இல்லத்தில் வளரும் ஒரு பையன் மேல் செல்போன் திருட்டு வழக்கு. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழந்தைகள் நலக் குழுவில் ஒரு கோப்பு, பிள்ளைகள் மேலுள்ள வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் இன்னொன்று. அவனுடைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதில் இருக்கிறதென்று தேடியே மூன்று வாரம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடமும் நின்றுபோனது. இப்படிப்பட்ட பிள்ளைகளை இரு அமைப்பும் சேர்ந்தே கவனிக்கணும் என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

வரும் சனிக்கிழமை காலை 10.30, நூலக மாடி.

1. உங்கள் பொறுப்பிலுள்ள பிள்ளைக்கு அடுத்த வாய்தா எப்போது, நன்னடத்தை அலுவலர் (பிள்ளையின் நிலையை விசாரித்து அறிக்கை தருபவர்) யார் என்று எழுதி வாருங்கள்.
2. படிப்பு, மருந்து, ஜாமீன்: எது தடைபட்டு நிற்கிறது?
3. பெயர், படம் எதையும் இங்கே போடாதீர்கள். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது.

வருவீர்களா என்று வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.