மழையை கொண்டுபோய் 10-வது எடத்துல வெச்சிருக்கியே கண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பல அமெரிக்க காலேஜுக்கும் ஒரே ஃபார்மா அனுப்பற அந்த காமன் ஆப்போட டிராஃப்ட்ட, நீ அனுப்பினத, நேத்து நைட்டு ரெண்டு தடவ படிச்சேன், அப்புறம் தூக்கமே வரல, அதான் உக்காந்து எழுதறேன், போன்ல சொன்னா "சரி சித்தி, சரி சித்தி"ன்னு சொல்லி வெச்சுடுவ.

ஆக்டிவிட்டீஸ்ல 10 எடத்தையும் ரொப்பிட்ட. மொத எடத்துல ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச அந்த தொண்டு அமைப்பு, ஃபவுண்டரும் நீதான் பிரசிடெண்டும் நீதான். இதுவரைக்கும் அதுல நடந்தது என்ன, ஒரு லோகோ, ஒரு இன்ஸ்டா பேஜ். நடுவுல கிளப்பு கிளப்பா போவுது. கடைசில, 10-வதா, "மழை அளக்கும் வாலண்டியர்"னு ஒரே வரி. எனக்கு மனசே ஆறல.

எட்டாவதுலேர்ந்து தெனம் காலைல 7 மணிக்கு பின்பக்கம் போய், அந்த 4 இஞ்ச் குழாய கண்ணுக்கு நேரா வெச்சு, ஒரு இஞ்ச்ல நூத்துல ஒரு பங்கு வரைக்கும் பாத்து, வாலண்டியருங்க மழை அளவ போடற கோகோராஸ் சைட்ல ஏத்தற. பனி விழுந்தா குழாய உள்ள தூக்கிட்டு வந்து, அளந்து வெச்ச வெந்நீர ஊத்தி உருக்கி, ஊத்தின தண்ணிய கழிச்சு கணக்கு போடற. மழையே இல்லன்னாலும் பூஜ்யம்னு போடணும், அதுவும் தகவல்தான்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே நீதான். 1997-ல கொலராடோல ஃபோர்ட் காலின்ஸ்ல ஊரோட ஒரு பக்கம் பேய்மழை கொட்டி வெள்ளம் வந்துது, இன்னொரு பக்கம் அவ்ளோ மழையே இல்ல, அதனாலதான் அடுத்த வருஷம் இத ஆரம்பிச்சாங்கன்னு அன்னிக்கு அரை மணி நேரம் நிறுத்தாம சொன்னியே, அந்தப் பொண்ணு இந்த ஃபார்ம்ல எங்கயுமே இல்ல!

உங்கம்மா மார்க்க நெனச்சு பயப்படறா. மார்க்கு வேணும்தான், எம்ஐடி 2022-லயே எஸ்ஏடி மாதிரி நுழைவுப் பரீட்ச மார்க்கு திரும்ப கட்டாயம்னு சொல்லிட்டாங்க, கலிஃபோர்னியா அரசு யுனிவர்சிட்டி (யூசி) காலேஜ்லாம் அத பாக்கறதே இல்ல. ஆனா ஹார்வர்டு அட்மிஷன் கேஸ்ல கோர்ட்டுக்கு வந்த கணக்க பாரு, 2019-ல முடிக்க வேண்டிய பேட்சுக்கு அப்ளை பண்ணின அமெரிக்கப் பசங்கள்ல மட்டும் 8,000 பேருக்கு மேல ஸ்கூல் மார்க்கு சராசரி, அதான் ஜிபிஏ, முழுசு, 3,400 பேரு எஸ்ஏடி மேத்ஸ்ல முழு மார்க்கு, சீட்டு மொத்தமே சுமாரா 1,600. அப்போ மார்க்க வெச்சு யார தனியா பாப்பாங்க சொல்லு. ஆக்டிவிட்டி எண்ணிக்கைக்கும் அதே கததான், எம்ஐடி ஃபார்ம்ல நாலே நாலு ஆக்டிவிட்டிக்குதான் எடம்.

அதனால மழைய மேல கொண்டு வா. ஒவ்வொண்ணுக்கும் 150 எழுத்துதான் குடுக்கறாங்க, "ஆர்வத்துடன் பங்களித்தேன்"னுல்லாம் வீணாக்காம எத்தன வருஷம், எத்தன மணிக்கு, என்ன அளந்தன்னு போடு. அந்த தொண்டு அமைப்ப எடுத்துடு. நெஜமா ஏதாவது நடந்திருந்தா நானே வைன்னு சொல்லுவேன்.

எஸ்ஸே 650 வார்த்த. "சின்ன வயசுலேர்ந்தே உலகத்த மாத்தணும்னு ஆச"ன்னு ஆரம்பிச்சிருக்க, யாரு பேர போட்டு அனுப்பினாலும் இந்த வரி பொருந்தும் கண்ணு. அதுக்கு பதிலா 0.13-ன்னு போட வேண்டியத 1.30-ன்னு ஏத்திட்டு, கோகோராஸ்காரங்க மெயில் போட்டு கேட்டப்போ முகமெல்லாம் செவந்து போய் அந்த மாசத்து நோட்டு மொத்தத்தையும் திரும்ப சரிபாத்தியே, அத எழுது. தப்ப எழுதினா கொறச்சலா நெனப்பாங்கன்னு பயப்படாத, நீ எப்படிப்பட்டவன்னு அந்த ஒரு சாயங்காலத்துலயே தெரிஞ்சுடும்.

சிபாரிசு லெட்டர் வாங்க, உனக்கு ஏ மார்க்கு போட்ட டீச்சர தேடாத. பிசிக்ஸ்ல மொத டெஸ்ட்ல சறுக்கி லஞ்ச் டைம்லல்லாம் போய் கேட்டு கேட்டு தேறினியே, அந்த சார்தான் உன்ன பக்கத்துலேர்ந்து பாத்தவரு. ஸ்கூல் கவுன்சிலருக்கு நூத்துக்கணக்குல பசங்க, அவங்களுக்கு நீயே ஒரு பக்கம் எழுதிக் குடு, மழையும் அதுல இருக்கட்டும்.

இத்தனையும் பண்ணினாலும் கெடைக்கும்னு என்னால சொல்ல முடியாது, ஹார்வர்டு மாதிரி எடத்துல 100-ல 95 பேருக்கு மேல இல்லன்னுதான் பதில் வருது. ஆனா வேற யாரோ ஒருத்தியா வேஷம் போட்டு நீ திரும்பி வர்றத என்னால பாக்க முடியாதுடா.

இந்த சனிக்கிழம அளவெடுத்து ஏத்திட்டு போன் பண்ணு, நவம்பர் 1 கடைசி தேதிக்கு இன்னும் நாள் இருக்கு, அந்த மொத பாராவ ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம். வரும்போது பழைய நோட்டையும் எடுத்துட்டு வா.

அன்புடன்,
சித்தி