இம்ப்ளான்ட் இருந்தாலும் பல்லுக்கு கம்பி போடலாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இம்ப்ளான்ட் பல்லு, அதாவது இல்லாத பல்லுக்குப் பதிலா தாடை எலும்புல டைட்டேனியம் உலோகத் திருகாணி பதிச்சு வைக்கிற செயற்கைப் பல்லு, வச்சவங்களுக்கு இனி கம்பி போடவே ஏலாதுன்னு நம்ம ஹட்டன், தலவாக்கலை பக்கம் சிலபேர் சொல்றாங்க, அது சரியில்லங்க. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு நார் இருக்கு, கம்பி மெதுவா தள்ளத் தள்ள ஒரு பக்கம் எலும்பு கரைஞ்சு மறுபக்கம் புதுசா வளரும், அப்பிடித்தான் பல்லு நகருது, ஆனா இம்ப்ளான்ட்ல அந்த நார் இல்ல, டைட்டேனியம் நேரா எலும்போட ஒட்டிப் பிடிச்சிரும், அதனால வச்ச எடத்துலயேதான் நிக்கும். சுத்தியிருக்கிற பல்லுகள நகர்த்தலாம், சில நேரம் அசையாத அந்த இம்ப்ளான்டையே பிடிமானமா வச்சு மத்த பல்ல இழுப்பாங்க. அது நிக்கிற எடம் தோதில்லன்னாதான் சிக்கல்.

அதனாலதான் ரெண்டும் தேவைப்படுறவங்களுக்கு பெரும்பாலும் முதல்ல கம்பி, பிறகு இம்ப்ளான்ட். தாடை வளர்ற வயசுல அவசரப்பட்டு இம்ப்ளான்ட் வைக்கவும் கூடாது. இதெல்லாம் காசு கட்டுறதுக்கு முன்னாடியே டொக்டர்மார் வெளக்கிச் சொல்லணும், தோட்டத்து சனம் நகைய அடகு வச்சுத்தான் இந்த வைத்தியத்துக்கே போகுது. பேராதனை பல் வைத்திய பீடத்துக்காரங்க நம்ம பள்ளிக்கூடங்களுக்கு வந்து இதப் பத்தி தமிழ்ல பேசினா பெரிய உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகி