ஷொல்ஷேரின் கதை 1848-உடன் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம். அடிமை முறையை ஒழித்த பிரெஞ்சு அரசியல்வாதி விக்டர் ஷொல்ஷேர் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த 1848 ஏப்ரல் 27 அரசாணையோடு கட்டுரை நின்றுவிட்டது. பீங்கான் வியாபாரி மகனாகச் சரக்கு விற்கப் போனவர், கியூபாவில் அடிமைகளின் நிலையைக் கண்ணால் பார்த்துத்தான் அடிமை முறையின் எதிரியாக மாறினார். ஆனால் கரீபியன் கடலில் பிரான்சின் வசமிருந்த மார்த்தினிக் தீவில் அந்த ஆணை கப்பலில் வந்து சேரும்வரை அடிமைகள் காத்திருக்கவில்லை. மே 22-இல் கிளர்ந்தெழுந்து, மறுநாளே விடுதலையை அறிவிக்க வைத்தார்கள். அப்புறம் நஷ்டஈடு முதலாளிகளுக்குத்தான் கிடைத்தது, விடுதலையானவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1853 முதல் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப் போனார்கள். இந்த ஆள்பிடிப்பையும் ஷொல்ஷேர் கண்டித்தார். அவருடைய பெருமையில் பாதி இதில்தான் இருக்கிறது என்பேன்.

நான் இருபது வருடங்களுக்கு மேல் வரலாற்று ஆசிரியராக இருந்தவன். ஒருமுறை வகுப்பில், நம்மவர்கள் கூலிகளாகப் போன மார்த்தினிக் எங்கே என்று கேட்டேன். ஒரு மாணவி வரைபடத்தில் ஆப்பிரிக்கா முழுக்க விரலால் தேடிவிட்டு, "அங்க நம்ம ஆளுங்களா சார்?" என்றாள். பாடநூலில் ஒரு வரிகூட இல்லாதபோது அவளுக்கு எப்படித் தெரியும்? ஷொல்ஷேரையும் அந்தக் கப்பல்களையும் ஒரே பாடமாக எட்டாம் வகுப்பிலேயே வைக்கலாம். தங்கள் நாளிதழும் கட்டுரையின் இரண்டாம் பகுதியை வெளியிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்கால்