திருட்டுத் திரைப்படப் பதிவுகள் மீது வழக்குப் பதியக் கோரும் மனு

அனுப்புநர்:
திரையரங்கு குத்தகைதாரர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: புதிய திரைப்படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிந்து விற்போர் மீது பதிப்புரிமைச் சட்டப்படி வழக்குப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உசிலம்பட்டி வட்டத்தில் ஒற்றைத் திரை அரங்கு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வருகிறேன். சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டிகளோடு படத்துக்கு வருகிற சுற்றுவட்டார ஊர்க்காரர்களை நம்பித்தான் விநியோகஸ்தரிடம் முன்பணம் கட்டிப் படம் எடுக்கிறோம். ஆனால், வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் மறுநாளே பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடையில் முப்பது ரூபாய்க்கு மெமரி கார்டில் ஏற்றித் தரப்படுகிறது. நான் பார்த்த பதிவொன்றில், முன்வரிசையில் எழுந்து போகிறவரின் தலை திரையை மறைப்பதும், பாட்டுக்கு விழுந்த விசிலும் அப்படியே இருந்தன. அது ஏதோ ஓர் அரங்கின் இருக்கையில் உட்கார்ந்து எடுத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இதுகுறித்துக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். "சென்னையிலிருந்து தயாரிப்பாளர் வந்து புகார் கொடுக்கட்டும்" என்று சொல்லி, மனு ஏற்பு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். இன்றுவரை முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. அந்தக் கடையில் வியாபாரமும் நிற்கவில்லை.

ஐயா, சட்டத்தில் குறை இருப்பதாக நான் கருதவில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63-ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இக்குற்றம் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கத்தக்கது, பிணையில் விடத்தகாதது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துவிட்டது. அத்தகைய குற்றத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம் என்னும்போது, தயாரிப்பாளரே நேரில் வர வேண்டும் என்பது எந்தச் சட்டத்தின்படி என்று எனக்கு விளங்கவில்லை. 64-ஆவது பிரிவின்படி, சார்பு ஆய்வாளர் நிலையில் உள்ள அதிகாரியே நீதிமன்ற ஆணை (வாரண்ட்) இன்றிப் பிரதிகளையும் அவற்றை உருவாக்கப் பயன்பட்ட கருவிகளையும் கைப்பற்றலாம். திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வோருக்கு 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. அபராதம் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை போகலாம். நம் மாநிலத்தில் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே 2004 முதல் திருட்டு வீடியோக்காரர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவ்வளவு கடுமையை நான் கேட்கவில்லை. சாதாரண வழக்கு ஒன்று பதிவானால் போதும்.

கடையில் வேலை பார்க்கும் பையனை மட்டும் பிடித்து விட்டுவிடுவதால் எதுவும் நிற்காது. அவனுக்குப் படம் எந்த டெலிகிராம் குழுவிலிருந்து வந்தது என்பது அவன் கணினியிலேயே கிடைக்கக்கூடும். டிஜிட்டல் முறையில் திரையிடப்படும் படத்தில், எந்த அரங்கில் எந்த நேரத்தில் ஓடியது என்று காட்டும் கண்ணுக்குத் தெரியாத குறியும் பதிக்கப்படுவது உண்டு. அதைப் படித்துச் சொல்ல விநியோகத் தரப்பினரிடம் கேட்டால், பதிவு செய்த இடம் வரை போய்விடலாம். அது என் அரங்காகவே இருந்தாலும் விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைப்பேன்.

ஆகவே, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், காவல் நிலையம் புகாரைப் பதிய மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுத வழிசெய்யும் 173(4)-ஆவது பிரிவின்கீழ் இம்மனுவை ஏற்று, என் புகாரின்மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யவும், கைப்பற்றப்படும் கணினியையும் செல்போன்களையும் சைபர் குற்றப் பிரிவின் ஆய்வுக்கு அனுப்பவும், இத்தகைய புகார்களைத் தயாரிப்பாளர் வரவில்லை என்ற காரணத்தால் திருப்பி அனுப்பக் கூடாது என்று மாவட்டத்தின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை வழங்கவும் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: புகார் நகல், மனு ஏற்பு ரசீது நகல், விநியோகஸ்தரின் திரையிடல் அனுமதிக் கடித நகல்.