பெயர்ப்பலகை எழுத வந்த அண்ணனுக்கு நன்றி

எட்டாம் வகுப்பு மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டுக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை அவனுடைய தாயார் இன்று காலை திரும்பப் பெற்றுக்கொண்டார். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் வகுப்புக்கு வராமல் ஒதுங்கிப் போனதை நம் பள்ளியைச் சேர்ந்த அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி கிளறாமல் நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

நுழைவாயில் பலகையில் பள்ளியின் பெயரைப் புதிதாக எழுத வந்த ஓவியர் அண்ணனுக்கே முதல் நன்றி. வகுப்புக்கு வராமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவனிடம் அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "தம்பி, இந்த நூல அந்தப் பக்கம் புடி" என்று மட்டும் கேட்டார். நீலப்பொடி தோய்த்த நூலை இருவரும் இழுத்துப் பிடித்து, அவர் சுண்டிவிட, சுவரில் சாய்த்திருந்த தகரப் பலகையில் நேர்கோடு விழுந்தது. 'ஊராட்சி ஒன்றிய நடுநிலை' வரை எனாமலில் எழுதியானதும், "அண்ணே, எடம் தீந்துபோச்சு, 'பள்ளி' நெருக்கும்" என்றான் அவன். தொழிலில் பழுத்தவர், கோபித்திருக்கலாம். எழுத்தை ஒடுக்கிச் சமாளித்தும் இருக்கலாம். அவரோ எழுந்து தள்ளி நின்று பார்த்து, "ஆமாய்யா" என்றபடி, காயாத எழுத்துகளை டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு, எங்கிருந்து தொடங்கலாம் என்று அவனையே சாக்பீஸால் குறிக்கச் சொன்னார். அன்று மாலை 'ப்' மேலுள்ள புள்ளி அவன் வைத்தது.

கை நன்றாக ஓடும் பிள்ளையை விடுதலை நாளுக்கும் தலைவர்கள் பிறந்தநாளுக்கும் சார்ட் வரையக் கூப்பிடுவது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்; அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்பவர் குறைவு. பதின்மூன்று வயதில் வரைவதே வெறுத்துப் போக அது போதும் என்பது என் எண்ணம்.

ஓவியப் பாடவேளையை மாற்றித் தந்த தலைமை ஆசிரியருக்கும், தன் கணக்குப் பாடவேளையை விட்டுக்கொடுத்த ஆசிரியைக்கும், வீடு வரை சென்று பேசிய பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிக்கும், அவன் தட்டை எடுத்துவைத்துக் காத்திருந்த சத்துணவு அக்காவுக்கும் என் வணக்கம்.

2012இல் தொடங்கிய பகுதிநேரப் பணியில் என்னைப் போன்ற ஓவியச் சிறப்பாசிரியர்களுக்கு வாரத்துக்கு மூன்று அரைநாள்தான். அதில் பாதியை, நான் கரும்பலகையில் வரையும் படத்தில் எது சரியில்லை என்று பிள்ளைகள் சொல்லவும், சொன்னபடி நான் அழித்துத் திருத்தவும் இனி ஒதுக்கப் போகிறேன்.

கடைக்கோ வண்டிக்கோ பெயர் எழுத வேண்டியவர்கள் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகுமுன் ஓவியர் அண்ணனை ஒருமுறை அழையுங்கள். அவருடைய கைப்பேசி எண் என்னிடம் இருக்கிறது.