சைரன் ஊதினால் நான் போவேன்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த விதத்திலேயே உனக்குக் கோபம் என்று விளங்கிவிட்டது. அப்பா வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். வெள்ள எச்சரிக்கை வந்ததென்று விடிய நாலு மணிக்கு மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு அம்மா ஊரார் கதவைத் தட்டித் திரிகிறா என்று உன்னிடம் சொல்லிவிட்டார். "அறுபத்து மூன்று வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை? அங்கே டொட்மோர்டனில் தீயணைப்புப் படை இல்லையா, கவுன்சில் இல்லையா?" என்று கேட்டாய். கோபமாகக் கதைக்கிற ஆளுக்கு எனக்கு உடனே மறுமொழி வராது. அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

அன்று இரவு நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரமே மலைமேல் இருக்கிற ஸ்டூட்லி பைக் கோபுரம் முகிலுக்குள் போய்விட்டது. படுக்கும்போது போனுக்கு முதலாவது வெள்ள அறிவிப்பு வந்தது. மூன்று படி இருக்கிறது. முதலாவது வந்தால் கவனம். இரண்டாவது வந்தால் வெள்ளம் வரப்போகிறது, ஆயத்தப்படு. மூன்றாவது உயிருக்கு ஆபத்து. விடியப்புறம் இரண்டாவது வந்தது. வெள்ளத் தொண்டராக என் பொறுப்பில் ஒன்பது வீடுகள். ஒன்பதையும் தட்டி, ஆட்களை எழுப்பி, காரை மேட்டுக்கு எடுக்கச் சொல்லி, தண்ணீரை மறிக்கும் கதவடிப் பலகைகளைக் கொழுவ உதவி செய்துவிட்டு வந்தேன். ஆறு மதிலின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. ஆறரைக்குப் பிறகு இறங்கத் தொடங்கிவிட்டது. ஏழு மணிக்குப் பத்திரிகைக் கடையைத் திறந்தேன்.

தீயணைப்புப் படை நல்ல படைதான். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கை உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. அடியில் ஒரு கீற்று நிலம். அதற்குள் ஆறும் கால்வாயும் ரயில் பாதையும் ரோட்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போகின்றன. மலையில் பெய்த மழை ஊருக்குள் வர அதிக நேரம் எடுக்காது. வந்தால் முதலில் மூடுவது அந்த ஒரேயொரு ரோட்டைத்தான். வெளியிலிருந்து வாகனம் வரும்வரை தெருவில் இருக்கிற ஆட்கள்தான் தெருவுக்கு. நீ ஆறாம் வகுப்பில் டொட்மோர்டன் நகர மண்டபத்தை வரைந்தாயே, முகப்புச் சிற்பத்தில் ஒரு பக்கம் லங்காஷயரின் பருத்தி, மற்றப் பக்கம் யோர்க்ஷயரின் கம்பளி என்று. 1875இல் திறந்த அந்த மண்டபத்தின் அடியில் ஓடுவது வோல்ஸ்டன் ஆறு. அதுதான் அந்தக் காலத்தில் இரண்டு மாவட்டத்துக்கும் எல்லை. 1888இல் எல்லையை மாற்றி ஊரை யோர்க்ஷயரோடு சேர்த்தார்கள். ஆறு மாறவில்லை, கட்டடங்களுக்கு அடியாலேயே வந்து கால்டர் ஆற்றோடு சேருகிறது. ஆற்றின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிற ஊர் இது.

ஆறே இல்லாத இடத்தில் பிறந்தவள் நான். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல ஒரு வழுக்கியாறு, அதுவும் மாரியில் மட்டும். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரையும் கடலுக்கு விடாமல் குளத்திலும் துரவிலும் மறிக்கப் பார்ப்போம். இங்கிலாந்துக்கு வந்துதான் தண்ணீருக்குப் பயப்படப் பழகினேன்.

2015 பொக்சிங் டே, நத்தாருக்கு அடுத்த நாள், உனக்கு நல்லாக ஞாபகம் இருக்கும். யூனிவர்சிட்டியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். காலையில் சைரன் ஊதியது. முதல் நாள் மிஞ்சிய சோற்றைச் சுட வைத்த சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு மூன்று பேரும் கீழே கடைக்கு ஓடினோம். அப்பாவின் நெஞ்சு வரை தண்ணீர். பத்திரிகைக் கட்டுகள் ஊறிப் பருத்து அலுமாரியையே பிளந்து தள்ளின. அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது: சேறு, மண்ணெண்ணெய், பழுதான பால். இரண்டாம் நாள் எங்கிருந்தோ ஆட்கள் வாளியும் தும்புத்தடியும் கொண்டு வந்தார்கள். பள்ளத்தாக்குக்கு கல்சா எய்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் சீக்கியர்களும் வந்தார்கள். யார் எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நாங்கள் அதிகம் சொல்லவில்லை, உனக்குக் கடைசி வருடப் பரீட்சை. 2016 ஏப்ரலில் அரசாங்கமும் காப்புறுதிக்காரரும் சேர்ந்து ஃப்ளட் ரீ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதனால் வெள்ளம் வரும் இடங்களிலும் வீடுகளுக்குக் கட்டக்கூடிய விலையில் காப்புறுதி கிடைத்தது. கடைகளுக்கு அது இல்லை. எங்கள் நிறுவனம் கடைக்கு வெள்ளக் காப்புறுதி தரமாட்டோம் என்று இரண்டு வரியில் கடிதம் அனுப்பியது. இருபது வருடம் தவறாமல் கட்டிய காசு. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. சரி, அழுது என்ன. பிளக்குகளை எல்லாம் நெஞ்சளவுக்கு உயர்த்தினோம், நிலத்துக்கு ஓடு பதித்தோம், அலுமாரிகளுக்குச் சில்லுப் பூட்டினோம். அடுத்த முறை தண்ணீர் வந்தால் அரை மணித்தியாலத்தில் சாமானை மேலே ஏற்ற வேண்டும் என்று அப்பாவும் நானும் நேரம் பார்த்துப் பழகினோம்.

அப்படிப் பழகினதில்தான் பிழை வந்தது.

பின் ஒழுங்கையில் 12ஆம் இலக்கத்தில் இருந்த பாட்டியை நினைவிருக்கிறதா? சனிக்கிழமை நீ பத்திரிகை போடப் போகும்போது யன்னலால் டொஃபி நீட்டுவா. 2020இல் அவ மகனோடு இருக்கப் போய்விட்டா என்று உனக்குச் சொன்னேன். அது உண்மையில்லை, பிள்ளை. அந்த வருடம் பெப்ரவரி 9, கியாரா புயல் வந்த ஞாயிறு. சைரன் ஊதினது. நானும் அப்பாவும் பழகினபடி சரியாக எல்லாம் செய்தோம். பலகை கொழுவினோம், சாமான் ஏற்றினோம், சிகரெட் அலுமாரியைக்கூட மேலே எடுத்தோம். எங்களுக்கு நட்டம் குறைவு. சந்தோஷமாகத் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தோம். பத்து மணி போலத்தான் மேசையில் கிடந்த ஞாயிற்றுப் பத்திரிகைகளை எண்ணினேன். ஒன்று மிச்சம். அவவுடையது.

நான் போகும்போது ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெடியன் யன்னலை உடைத்து உள்ளே இறங்கினான். பாட்டி மாடிப்படியில் ஏழாவது படியில், இரவு உடுப்போடு, பூனையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. கால் இரண்டும் நீலம். படுக்கப் போகும்போது காதுக் கருவியைக் கழற்றி ஒரு சின்னப் பீங்கானில் போட்டு வைப்பாவாம். ஊர் முழுவதையும் எழுப்பின சைரன் அவவுக்குக் கேட்கவே இல்லை. நான்கு மணித்தியாலம் அப்படியே இருந்திருக்கிறா. என்னைக் கண்டதும் "பத்திரிகை எடுக்க வரமுடியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள்" என்றா.

ஆஸ்பத்திரியிலிருந்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போனார்கள். அடுத்த மாதம் கொரோனா வந்து பார்க்கப் போகிற வழியும் அடைபட்டது. சித்திரையில் காலமாகிவிட்டா. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவவுக்குக் காது கேட்காது என்று இந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான்தான். ஒவ்வொரு நாளும் கையால் சைகை காட்டித்தான் மிச்சக் காசு கொடுப்பேன். அவ்வளவு தெரிந்தும் சிகரெட் அலுமாரியை மேலே ஏற்றிக்கொண்டு இருந்தேன்.

அந்த வருட முடிவில் கவுன்சில்காரர் வெள்ளத் தொண்டர் வேண்டும் என்று கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கதவால் வெளியே போகமுதல் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

எங்களுடைய ஊரில் குண்டு போட வந்தபோது எங்களுக்கு யாரும் சைரன் ஊதவில்லை. பொம்மர் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடு, அவ்வளவுதான். சில நாள் சத்தம் கேட்கும்போதே விழுந்துவிடும். உன் பெரிய மாமாவுக்கு அப்படித்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சைரனைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஊதின ஒரு நாள், நான் உன்னைத் தூக்கிக்கொண்டு படிக்குக் கீழே போய்க் குந்திவிட்டேன். உனக்கு மூன்று வயது. பிறகு பக்கத்துக் கடைக்காரர் வந்து, இது வருடாவருடம் ஊதிப் பார்ப்பது, வெள்ளம் வந்தால் முன்கூட்டிச் சொல்லத்தான் என்று விளக்கினார். முன்கூட்டிச் சொல்ல ஒரு ஏற்பாடு இருக்கிறது என்பதையே நம்ப எனக்குக் கன நாள் எடுத்தது. அது கேட்காத ஆளுக்கு யாராவது நடந்து போய்ச் சொல்ல வேண்டும். நான் அந்த ஆள். வேறொன்றும் இல்லை.

என்னிடம் ஏன் ஒன்பது வீடு தந்தார்கள் தெரியுமா? பத்திரிகைக் கடைக்காரிக்குத் தெரியாத புதினம் ஊரில் இல்லை. மூன்று நாள் ஒருவர் பத்திரிகை எடுக்க வரவில்லை என்றால் எனக்கு மனம் கேட்காது. முன்பு வாரப் பத்திரிகை வந்த அன்று மத்தியானத்துக்குள் கட்டு முடிந்துவிடும். மரண அறிவித்தல், கிரிக்கெட் ஸ்கோர், கவுன்சில் சண்டை எல்லாம் அதில்தான். இப்போது பக்கமும் குறைவு, வாங்குகிற ஆளும் குறைவு. கட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் கவுண்டருக்கு முன்னால் நின்று கதைப்பது குறையவில்லை.

இன்னும் ஒன்று. என் வெள்ளப் பட்டியலை நான் புதிதாக எழுதவில்லை. பதின்மூன்று வயதில் பத்திரிகை போடத் தொடங்கினபோது நீ வைத்திருந்த நீலக் கொப்பி. மேல் தட்டில் இருந்ததால் 2015இலும் நனையவில்லை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேரே உன் குண்டு எழுத்தில் குறிப்பு: "நாய் கடிக்காது, குரைக்கும்." "கதவு பின்பக்கம்." "மணி வேலை செய்யாது, யன்னலில் தட்டு." அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் இப்போதும் போகிறேன். நாய் செத்துவிட்டது, மணி இன்னும் வேலை செய்யவில்லை.

மற்றப் புதினங்கள் என்றால், ரயில் நிலையத்துப் பாத்தியில் ரோஸ்மேரி பற்றைபோல வளர்ந்துவிட்டது. பொது இடத்தில் நட்டு யாரும் பறிக்கலாம் என்று விடுகிற வேலையை 2008இல் இன்கிரெடிபிள் எடிபிள் ஆட்கள் தொடங்கினபோது ஊரான் நட்டதை யார் பிடுங்கித் தின்பார்கள் என்று அப்பா சொன்னார். இப்போது கறிக்குப் புதினா அங்கேதான் கிள்ளுகிறார். போன மாதம் ஸ்லோ த ஃப்ளோ தொண்டர்களோடு ஹார்ட்காஸில் கிராக்ஸ் காட்டுக்கு ஒரு நாள் போனேன். ஓடைக்குக் குறுக்கே மரக்கட்டைகளை அடுக்கித் தண்ணீரை மெதுவாக்கும் அணை. முழுதாக மறிப்பதில்லை, இடுக்கால் போக விடுவார்கள். அப்படி நூற்றுக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். அந்த ஓடை ஹெப்டன் பிரிட்ஜ் ஊருக்குத்தான் போகிறது, எங்களுக்கு ஒரு சொட்டும் குறையாது. இருந்தாலும் எங்கள் ஊரிலிருந்து பதினொரு பேர் வந்திருந்தார்கள். நான் ரோல்ஸ் செய்து கொண்டுபோனேன், முப்பதும் முடிந்துவிட்டது. முழங்கால் இரண்டு நாள் நொந்தது, அதை ஒளிக்கவில்லை.

12ஆம் இலக்கத்தில் இப்போது ஒரு இளம் சோடி இருக்கிறது. நாலு மாதக் குழந்தை. அன்று விடிய நான் தட்டினபோது அந்தப் பெடிச்சி குழந்தையோடு கதவைத் திறந்தாள், இரவு முழுக்க நித்திரை இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. உன் எழுத்துக்குக் கீழே நான் எழுதி வைத்திருக்கிறேன்: "குழந்தை. முதலில் இங்கே போ."

உனக்கு உண்மையாகவே கவலை என்றால் நெற்றியில் கட்டுகிற நல்ல லைட் ஒன்று வாங்கி அனுப்பு. ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் கொப்பி என்றால் கதவைத் தட்ட எனக்குக் கை காணாது. மழை நனைந்தாலும் பழுதாகாததாகப் பார். மருமகனுக்கும் பேத்திக்கும் எங்கள் அன்பு. ஞாயிறு போன் எடு.

அம்மா