ஊசி முடிந்தால் கிளினிக்கும் முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மகள் வேலைக்குப் போவதால் பேரனைக் கிளினிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. 18 மாத ஊசிக்குப் போன அன்று, வாங்கில் பக்கத்தில் இருந்த ஓர் இளம் தாய் என்னிடம் பேனை கேட்டார். பிள்ளையின் கிளினிக் கொப்பியை மடியில் விரித்து, வளர்ச்சி பற்றிய பக்கத்தில் குப்புறப் பிரண்டது, தவழ்ந்தது, நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிரப்பினார். "இல்லாட்டி மிஸ் ஏசுவா, அன்ட்டி" என்று சிரித்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. எங்கள் முறை வந்தபோது, "பிள்ளை விரலால சுட்டிக் காட்டுவாரா? என்னென்ன சொல் சொல்றார்?" என்று மிட்வைஃப் மிஸ் கேட்டார். "ஓமோம், நல்லாக் கதைப்பார்" என்றேன். அவன் சொன்னதெல்லாம் "அம்மா" ஒன்றுதான். அதையும் பூனையைப் பார்த்துத்தான் அதிகம் சொல்வான்.

ஏன் பொய் சொன்னேன்? எனக்கும் மகளுக்கும் பரீட்சை வைப்பதுபோல இருந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நிறை குறைந்தால் திரிபோஷா சத்துமா தருவார்கள், அதில் ஒருவருக்கும் வெட்கமில்லை. பேச்சு பிந்தினால் பிள்ளைக்கு ஒரு பெயர் விழுந்துவிடுமே என்று பயம்.

வீட்டிலும் சமாதானத்துக்குக் குறைவில்லை. ஆண்பிள்ளைகள் பிந்தித்தான் கதைப்பார்களாம். மருமகனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தவராம். கொழும்பில் இன்னொன்றும் உண்டு: வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், போனில் ஆங்கிலக் கார்ட்டூன், பிள்ளை குழம்பிவிட்டது என்பார்கள். நானும் அதை நம்பினேன். கடைசியில் இரண்டு வயதும் தாண்டித்தான் பிள்ளை வைத்தியரிடம் காட்டினோம். மொழிகள் கூடியதால் பேச்சு பிந்தாது, எல்லா மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள் என்றார் அவர். இரண்டு வயதில் "பால் தா" என்பதுபோல இரண்டு சொல் சேராவிட்டால் முதலில் காதைப் பார்க்கவேண்டுமாம். பார்த்தோம். காதுக்குள் நீர் கட்டியிருந்தது. மருந்தும் பயிற்சியுமாக இப்போது வாயாடி ஆகிவருகிறான். என்னுடைய "ஓமோம்" அவனுக்கு அரை வருடத்துக்கு மேல் வீணாக்கியது.

போனைப் பற்றியும் வாங்கிக் கட்டினோம். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் சோறு தீத்துவதே போனைக் காட்டித்தான்!

நான் சொல்லவந்தது இதுதான். 18 மாதத்தில் முக்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும். அடுத்த ஊசி மூன்று வயதில். இடையில் ஒன்றரை வருடம் நிறை பார்க்கவும் விற்றமின் ஏ கொடுக்கவும் வரச்சொல்வார்கள். ஊசி இல்லையே என்று பலர் போவதில்லை. ஆனால் பிள்ளைக்குப் பேச்சு வரவேண்டிய காலமே அதுதான்.

பெற்றோரை மட்டும் ஏசியும் பயனில்லை. அந்தக் கேள்விகளை வரிசையில் வைத்துக் கேட்காமல், ஒரு மூலையில் கதிரை போட்டு, தமிழில் ஆறுதலாகக் கேட்கலாம். தமிழ் தெரிந்த ஒருவர் இல்லாத நாளில் பாதிப் பேர் கேள்வி விளங்காமலே தலையாட்டுகிறார்கள். சனிக்கிழமையும் கிளினிக் வைத்தால் வேலைக்குப் போகும் தாய்மாரும் தகப்பன்மாரும் தாங்களே வரலாம். நான் பதில் சொல்வதும் மகள் பதில் சொல்வதும் ஒன்றல்லவே.

அடுத்த மாதம் பேரனுக்கு மூன்று வயது ஊசி. போன ஞாயிறு மகளும் நானும் கொப்பியில் அந்த வளர்ச்சிப் பக்கத்தை வீட்டிலிருந்தே நிரப்பினோம். இரண்டு வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

ஓர் அம்மம்மா,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.